டெலிவரி: பெற்றவள் எங்கே போனாள்?

காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகும் பேருந்தில் முன் சீட்டுப் பெரியம்மா போனில் சத்தமாகக் கேட்டார்: "டெலிவரி ஆயிடுச்சா? என்ன கொழந்த?" இரண்டு நிமிடப் பேச்சில் குழந்தையின் எடை வந்தது, பிறந்த நேரம் வந்தது, டாக்டர் எப்போது வந்தார் என்பதும் வந்தது. பெற்றவளைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நானும் பல தடவை அப்படித்தான் கேட்டிருக்கிறேன். 'டெலிவரி ஆச்சு' என்று சொன்னால் போதும், யாருக்கு ஆச்சு, யார் செய்தார் என்ற கேள்வியே எழுவதில்லை.

இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'லீபர்' என்றால் கட்டில்லாதவர், சுதந்திரமானவர். அதிலிருந்து விடுவித்தல் என்ற பொருளில் ஒரு வினை உண்டாகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. முன்பு ஆங்கிலத்தில் டெலிவர் செய்யப்பட்டவள் தாய். வயிற்றுச் சுமையிலிருந்தும் நோவிலிருந்தும் அவள் விடுபட்டாள் என்று அர்த்தம். நாளடைவில் சொல் திரும்பிக்கொண்டது. டாக்டர் குழந்தையை டெலிவர் செய்தார் என்று பேசத் தொடங்கினார்கள். விடுதலை அடைந்தவள் வாக்கியத்திலிருந்தே போய்விட, குழந்தை கைமாறும் பொருளாகிவிட்டது. நம் ஊரில் சொல் புழங்குவது இந்தப் பிந்தைய பொருளோடுதான்.

பிரசவம் வடசொல். 'சூ' என்ற வேருக்குப் பிறப்பித்தல் என்று பொருள், முன்னால் 'ப்ர' சேர்ந்தது. நூற்றாண்டுகளாகத் தமிழில் புழங்கி வீட்டுச் சொல்லாகிவிட்டதால் அதோடு எனக்கு வழக்கில்லை. ஈனுதல் நல்ல தமிழ். 'ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும்' என்று குறள் தாயைச் சொல்கிறது. ஆனால் இன்று பேச்சில் மாடு கன்று ஈன்றது என்பதோடு அது நின்றுவிட்டது.

மீதி இருப்பது பேறு. கெடு என்பது கேடு ஆவதும் சுடு என்பது சூடு ஆவதும் போல, பெறு என்ற வினை முதலெழுத்து நீண்டு பேறு ஆனது. பெற்றது எதுவோ அது பேறு. அதனால்தான் பெரிய நன்மைக்கும் பேறு என்று பெயர். மக என்றால் பிள்ளை, அது பேறோடு சேர்ந்து மகப்பேறு. தெற்கே பேறுகாலம் என்று சாதாரணமாகவே பேசுகிறார்கள். நம் பக்கத்தில் அது ஆஸ்பத்திரிப் பலகையிலும் விடுப்பு விண்ணப்பத்திலும் மட்டும் இருக்கிறது.

இலக்கணத்தை ஒரு நிமிடம் பாருங்கள். பெற்றாள் என்றால் எழுவாய் அவள்தான். அம்மாவுக்கே பெற்றவள் என்று பெயர். கூட இருந்து உதவுகிறவருக்குத் தமிழ் கொடுத்த வினை வேறு: பிரசவம் பார்த்தார். வைத்தியம் பார்ப்பது போலத்தான் இதுவும். பெறுகிறவள் ஒருத்தி, பார்க்கிறவர் இன்னொருவர். யார் வேலை எது என்று மொழி தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தாலும் இதுதான். 'ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க' என்கிறோம். பத்து மாதம் சுமந்து, தையலோடு படுத்திருக்கும் அந்தப் பச்சை உடம்புக்காரியும் பெற்றவள்தான்.

என் முதல் பிள்ளைக்கு நோவு எடுத்தது ஒரு ஆடி மாத ராத்திரி. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. இரும்புக் கட்டில், மேலே பச்சை ரப்பர் ஷீட், அது முதுகில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு அசைவுக்கும் பிய்ந்து வந்தது. திரை இருந்தது, யாரும் இழுத்து மூடவில்லை. என் பெயரை யாரும் கேட்கவில்லை. மூணாம் பெட் என்றார்கள். எழுந்து உட்காரட்டுமா என்று கேட்டேன், படு என்றார்கள். தண்ணீர் கேட்டேன், கூடாது என்றார்கள். "முக்குமா, முக்கு" என்று ஒருவர் வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். கத்தியதற்குக் கிடைத்த வசவை எழுதக் கை வரவில்லை. அந்த அறைக்குள் போய்வந்த பெண்களுக்கு அது என்னவென்று தெரியும். அம்மா கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். காலையில் வந்தவர்கள் எல்லாம் சுகப்பிரசவம் என்று சந்தோஷப்பட்டார்கள். சுகம் என்ற சொல் அன்றைக்கு எனக்கு வலித்தது.

அந்த ராத்திரி நடந்தவற்றில் பலதும் செய்யக்கூடாது என்று மருத்துவமே சொல்பவை. பிரசவத்தின்போது பெண்களை அவமதிப்பதும் வசைபாடுவதும் உரிமை மீறல் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் அறிக்கை விட்டது. 2018-ல் வந்த அதன் பரிந்துரைகளில் முதலாவதே பெண்ணை மதித்து நடத்துவதுதான். விரும்பிய துணை உடன் இருக்கலாம், சிக்கல் இல்லாதவர்கள் தண்ணீரும் ஆகாரமும் எடுத்துக்கொள்ளலாம், வசதியான நிலையில் பெறலாம், பிறப்பு வழியை அகலப்படுத்த எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரி போடக்கூடாது, வயிற்றை அழுத்தித் தள்ளக்கூடாது. மல்லாந்தே கிடந்தால் கர்ப்பப்பையின் பாரம் இதயத்துக்குத் திரும்பும் பெரிய ரத்தக் குழாயை நசுக்கும். உட்காரட்டுமா என்று நான் கேட்டது பிடிவாதம் இல்லை, உடம்பு கேட்டது. நம் நாட்டிலும் 2017-ல் வந்த 'லக்ஷ்யா' திட்டம் பிரசவ அறையில் மறைவையும் மரியாதையையும் சேர்த்தே கேட்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டம் 2004-லேயே வந்துவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டிலேயே பெறலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் ஆயா பாலாற்றங்கரை கிராமத்தில் வீட்டிலேயே பெற்றவள். "எட்டு பெத்தேன், அஞ்சு தங்குச்சு" என்பாள். அந்த மூன்றைப் பற்றி அதற்கு மேல் பேசமாட்டாள். (வேலூர்ப் பக்கம் பாட்டிக்கு ஆயா என்று பெயர். அது தாயைக் குறிக்கும் 'ஆய்' என்ற பழந்தமிழ்ச் சொல்லின் உறவு. வார்டில் வேலை செய்யும் ஆயா போர்ச்சுகீசியச் சொல்.) வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை தொடங்கிய கதையும் பேறுகாலத்தில்தான் இருக்கிறது. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் அப்பாவோடு தங்கியிருந்தபோது ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆள் வந்தது. மூன்று பேருக்கும் பிரசவச் சிக்கல். அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் என்பதால் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். பெண்ணின் கூச்சத்தையும் மதித்து உயிரையும் காப்பாற்ற வேண்டும் என்ற தேவை நம் ஊருக்குப் புதிதில்லை.

சரி, இந்த மதிப்பான சிகிச்சைக்குத் தமிழில் என்ன பெயர்? மரியாதையான மகப்பேறு சிகிச்சை என்று எழுதுகிறார்கள். மரியாதை வடசொல், அதன் மூலப்பொருள் எல்லை. உள்ளே கைவைத்துப் பார்ப்பதற்கு முன் 'பார்க்கட்டுமா' என்று கேட்பது அந்த எல்லையைத்தான் காக்கிறது, அதனால் பொருத்தமான சொல்தான். ஆனால் சிகிச்சை என்றதும் பெறுகிறவள் நோயாளி ஆகிவிடுகிறாள். கவனிப்பு என்று சொல்லலாம் என்றால், சில வார்டுகளில் கவனிப்பது என்றால் கையில் காசு வைப்பது என்றாகிவிட்டது. நான் பேணல் என்பேன். பேணுதலுக்குக் காத்தல் என்றும் பொருள், மதித்தல் என்றும் பொருள். பேறுகாலப் பேணல் என்றால் மதிப்பு அதற்குள்ளேயே வந்துவிடுகிறது, தனியாக ஒட்டவைக்க வேண்டாம். உடன் இருப்பவர் பேறுகாலத் துணை. ஆங்கிலத்தில் 'மிட்வைஃப்' என்பதற்கும் பெண்ணோடு இருப்பவள் என்றுதான் மூலப்பொருள்.

இரண்டாவது பிள்ளைக்கு வேறு ஆஸ்பத்திரி. சித்தி உள்ளே என் பக்கத்திலேயே இருந்தாள். சிஸ்டர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, திரையை இழுத்துவிட்டு, "உக்காந்துக்கறியாம்மா, ஒருக்களிச்சுப் படுத்துக்கறியா?" என்று கேட்டார். நோவு அதே நோவுதான். நடுவில் சித்தி டம்ளரைத் தூக்கி வாயில் தண்ணீர் விட்டாள். விடிவதற்குள் எல்லாம் முடிந்து, சித்தி அம்மாவுக்குப் போன் போட்டாள். எனக்கு நன்றாகக் கேட்டது.

"பெத்துட்டாக்கா. நல்லா இருக்கா. இப்பதான் ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா... ஆங், பொண்ணு."