பாட்டுப் போட்டியை ஏன் பாதியில் விட்டுவிடுகிறோம்?

புதிய சீசன் தொடங்கும்போது வீடே கூடி உட்கார்ந்து பார்க்கிறது. எட்டாவது, பத்தாவது வாரம் வரும்போது டிவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பார்த்தவர்கள் அடுப்படியிலோ செல்போனிலோ இருப்பார்கள். பாடும் பிள்ளைகளுக்குத் திறமை குறைந்துவிட்டதா என்றால் இல்லை. பயிற்சி, உச்சரிப்பு, மேடைத் துணிச்சல் எல்லாமே இருபது ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிடக் கூடியிருக்கிறது. ஆனாலும் வீட்டில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "எல்லாரும் ஒரே மாதிரிதான் பாடுறாங்க."

ஒலித்துறையில் இருப்பவர்கள் இந்தப் புகாரை அலட்சியம் செய்யக் கூடாது. அது சரியான புகார். பத்து பேர் பத்து விதமாகத்தான் பாடுகிறார்கள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பத்தும் ஒன்றாகிவிடுகிறது.

போட்டி என்றால் பார்ப்பவருக்கும் ஒரு வேலை உண்டு. இவர் நின்றாரா, சறுக்கினாரா, அந்த மேல் சுரத்தைப் பிடிப்பாரா என்று தன் காதால் கணிக்க வேண்டும். கிரிக்கெட்டில் பந்து ஸ்டம்பைத் தட்டியதை நாமே பார்க்கிறோம், அதனால்தான் நடுவரோடு சண்டைகூடப் போடுகிறோம். பந்தை மறைத்துவிட்டு ஸ்கோரை மட்டும் அறிவித்தால் எத்தனை பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள்? பாட்டுப் போட்டிகளில் பெரும்பாலும் நடப்பது அதுதான்.

குரல் எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது என்று தெரிந்தால் இது புரியும். பதிவு செய்து ஒளிபரப்பும் போட்டியில் பாடுபவரின் மைக் தனி டிராக்கில் பதிவாகிறது. கீபோர்டு, கிட்டார், தபலா, டிரம்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனி டிராக். அரங்கத்துக் கைதட்டலுக்கு இரண்டு மூன்று மைக் தனியாக. பிறகு ஸ்டுடியோவில் எல்லாவற்றையும் சேர்த்து மிக்ஸ் செய்வார்கள். அங்கே முதல் வேலையே பெரும்பாலும் சுருதித் திருத்தம்தான், அதாவது சுரம் பிசகிய இடங்களைச் சரிசெய்வது. இதற்கான ஆட்டோ-டியூன் மென்பொருள் 1997-இல் வந்தது, மெலோடைன் 2001-இல். திரையில் குரல் ஒரு கோடாக ஓடும். ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள தூரத்தை 100 சென்ட் என்று கணக்கிடுவார்கள். பத்து சென்ட் பிசகினால் அநேகம் பேருக்குத் தெரியாது. முப்பது, நாற்பது என்று போனால் சங்கீதம் படிக்காதவர்களுக்கும் ஏதோ உறுத்தும்.

ஒரு சரணத்தின் கடைசி வரியை எடுத்துக்கொள்வோம். மேல் ஷட்ஜத்தில் (மேல் ஸ) நான்கு விநாடி நிற்க வேண்டும். பாடும் பெண் நாற்பது சென்ட் கீழே தொடுகிறாள். அரை விநாடிக்குள் ஏறிப் பிடித்துவிடுகிறாள். இரண்டு விநாடி அசையாமல் நிற்கிறாள். மூச்சு தீரும் இடத்தில் குரல் லேசாக நடுங்கி, சொல்லின் கடைசி எழுத்தில் இறங்குகிறது. திரையில் அந்தக் கோடு கீழிருந்து வளைந்து ஏறி, நேராக ஓடி, நுனியில் சுருள்கிறது. கேட்பவருக்கு நெஞ்சு திக்கென்று அடைத்து, பிறகு விடுதலையாவது அந்த வளைவில்தான். திருத்தியபின் அது ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. தப்பு போய்விட்டது, அந்தத் தப்பிலிருந்து அவள் மீண்ட அழகும் சேர்ந்து போய்விட்டது.

நம் இசைக்கு இதில் கூடுதல் நட்டம். மென்பொருள் பன்னிரண்டு சுரத்தானங்களைப் படிக்கட்டுகளாக வைத்துக்கொண்டு, குரலைப் பக்கத்துப் படிக்கு இழுக்கும். தோடி ராகத்தின் காந்தாரம் (க சுரம்) எந்தப் படியிலும் நிற்காது, ஆட்டத்தில்தான் அது உயிரோடு இருக்கிறது. இழுக்கும் வேகத்தை அதிகமாக வைத்தால் கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) துண்டு துண்டாக உடையும், பிர்கா (வேகமான சுர உருட்டல்) மிஷின் தைத்த தையல்போலக் கேட்கும். ஒவ்வொரு சுரமாகக் கையால் பார்த்துப் பார்த்துத் திருத்தினால் கமகத்தைக் காப்பாற்ற முடியும். ஆனால் அப்படிச் செய்ய ஒரே பாட்டுக்குச் சில மணி நேரம் ஆகும். ஒளிபரப்பு நாள் நெருங்கும்போது எட்டுப் பத்துப் பாட்டுக்கும் ஒரே அமைப்பைப் போட்டு ஓட்டிவிடுவதுதான் நடக்கிறது.

அடுத்தது கம்ப்ரஷர், அதாவது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் கருவி. பல்லவியில் முணுமுணுப்பாகத் தொடங்கி, சரணத்தில் முழுக்குரலில் வெடிக்கும் பாட்டுகளில் சத்தத்தின் ஏற்ற இறக்கம் மிக அதிகம். தட்டையான டிவியின் சின்ன ஸ்பீக்கர் அதைத் தாங்காது; மிக்ஸி ஓடும் வீட்டில் மெல்லிய வரி கேட்கவும் கேட்காது. அதனால் சத்தத்தை ஓரளவு அமுக்கித்தான் ஆக வேண்டும். 4:1 என்று வைத்தால், குறித்த அளவைத் தாண்டி 4 டெசிபல் ஏறிய குரல் 1 டெசிபல் ஏறியதாக வெளியே வரும். அளவோடு செய்தால் நல்லது. அளவு மீறினால் ரகசியம் பேசுவதும் கூவுவதும் ஒரே சத்தமாகிவிடும். குரலில் ஏற்ற இறக்கம் காட்டத் தெரிந்தவருக்கும் ஒரே மட்டத்தில் பாடுபவருக்கும் வித்தியாசம் அங்கேயே அழிந்துவிடுகிறது. மேலே எல்லாருக்கும் ஒரே எதிரொலியைப் பூசினால், கண்ணை மூடிக் கேட்கும்போது யார் பாடுகிறார்கள் என்றே தெரியாது.

பிரிட்டனில் தி எக்ஸ் ஃபேக்டர் என்ற பாட்டுப் போட்டியின் 2010 சீசன் தொடங்கிய உடனே, ஆடிஷன் பாட்டுகளில் குரல் திருத்தப்பட்டிருப்பதை ரசிகர்கள் காதாலேயே கண்டுபிடித்துக் கேள்வி கேட்டார்கள். ஒளிபரப்புக்கு முன் ஒலியில் கைவைத்ததைத் தயாரிப்புத் தரப்பு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ரசிகர்களின் காதைக் குறைத்து எடைபோடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் திருத்தம் நடுவர்களின் பேச்சையும் கெடுக்கிறது என்பது அதிகம் பேசப்படாத விஷயம். அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் நடுவர் திருத்தாத குரலைக் கேட்கிறார். "அனுபல்லவி எடுப்பில் கொஞ்சம் முந்திட்டீங்க, இரண்டாவது சங்கதியில சுருதி இறங்கிடுச்சு" என்கிறார். சங்கதி என்பது ஒரே வரியைச் சற்று மாற்றி மாற்றிப் பாடும் விதம். வீட்டில் இருப்பவருக்கோ சுருதி இறங்காத பாட்டுத்தான் வரப்போகிறது. அப்படியிருக்க அந்தக் கருத்தை ஒளிபரப்பினால் நடுவர் பொய் சொல்வதுபோலத் தோன்றும். எனவே எடிட்டிங்கில் கருத்து வெட்டப்படுகிறது. "சிலிர்த்துப் போச்சு" மட்டும் மிஞ்சுகிறது. பார்ப்பவர் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. கற்றுக்கொண்டிருந்தால் அடுத்த வாரம் அந்தச் சங்கதி வரும் இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மதிப்பெண்ணும் இதே கதைதான். பத்துக்கு 9.5, 9.7, 9.6 என்று எல்லாருக்கும் போட்டால் அந்த எண் எதையும் சொல்லவில்லை. ஒருவருக்கு 7 கிடைக்கும் மேடையில்தான் 9-க்கு மரியாதை.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். இந்திய விதிப்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரமும் சேனலின் சொந்த அறிவிப்பும் சேர்த்து 12 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மீதி 48 நிமிடம். எட்டுப் பேர் ஆளுக்கு இரண்டரை நிமிடம் பாடினால் 20. மிச்சமிருக்கும் 28 நிமிடத்தை முன்கதைச் சுருக்கம், குடும்பப் பின்னணி வீடியோ, தொகுப்பாளரின் கலாட்டா, நடுவர் பேச்சு, "இடைவேளைக்குப் பிறகு" என்ற புரோமோ ஆகியவை பங்கு போட்டுக்கொள்கின்றன. பாட்டுக் கேட்க வந்தவருக்குப் பாட்டைவிடப் பேச்சு அதிகம்.

அந்த இரண்டரை நிமிடமும் முழுப் பாட்டு கிடையாது. நம் திரைப்பாடல் பொதுவாக நாலரை, ஐந்து நிமிடம்: பல்லவி, இடையிசை, சரணம், மீண்டும் பல்லவி, இரண்டாவது இடையிசை, இரண்டாவது சரணம். போட்டியில் இடையிசையைச் சுருக்கி ஒரு சரணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். முதலில் பலியாவது புல்லாங்குழலோ வயலினோ வாசித்து மனசைச் சரணத்துக்குத் தயார்படுத்தும் அந்த இருபது முப்பது விநாடி. தயாராகாத மனசில் சரணம் வந்து விழுந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. எட்டுப் பேரை ஐந்தாகக் குறைத்து ஆளுக்கு முழுப் பாட்டுக் கொடுத்தாலே பல நிகழ்ச்சிகள் பிழைத்துக்கொள்ளும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பாட்டுத் தேர்விலும் கட்டையிலும் (பாடும் சுருதியின் உயரம்) ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் வசதியாகப் பாடுவார்கள். திரைப்பாடலின் மூலச் சுருதியோ வேறொருவரின் தொண்டைக்காகப் போட்டது. சுருதியைக் குறைத்தால் நடுவர் குறைத்து மதிப்பிடுவாரோ என்ற பயத்தில் போட்டியாளர் அதே சுருதியில் நிற்கிறார். சரணத்தில் குரல் கத்தலாகிறது. ஒன்றிரண்டு அரைச்சுரம் இறக்கினால் அதே வரி இதமாக வந்திருக்கும். இறுதிச் சுற்று நெருங்க நெருங்க எல்லாரும் உச்சஸ்தாயிப் பாட்டையே எடுப்பதால், அதே பதினைந்து இருபது பாட்டுகள்தான் சீசனுக்குச் சீசன் திரும்ப வருகின்றன. தாழ்ந்த குரலில் ஒரு தாலாட்டைக் கலங்காமல் பாடுவது அதைவிடக் கடினம். அதற்குக் கைதட்டல் குறைவு என்பதால் யாரும் துணிவதில்லை.

முடிவு சொல்லும் முறை எப்படி ஆளை இழக்கும் என்பதற்கு அமெரிக்கப் பாட்டுப் போட்டியான அமெரிக்கன் ஐடலைப் பார்த்தால் போதும். 2002-இல் தொடங்கியது. 2003 இறுதிச் சுற்றைப் பார்த்தவர்கள் சுமார் 3.8 கோடி. 2016-இல் ஃபாக்ஸ் சேனல் அதை நிறுத்தியபோது கடைசி எபிசோடுக்குச் சுமார் 1.3 கோடிதான். இடையில் சேனல்கள் பெருகின, யூடியூப் வந்தது. பழி முழுவதையும் நிகழ்ச்சிமேல் போட முடியாது. ஆனால் 2008 முதல் 2012 வரை ஐந்து ஆண்டும் தொடர்ந்து கிட்டார் பிடித்த வெள்ளைக்கார இளைஞர்களே ஜெயித்தார்கள். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? முடிவைச் சொல்வதற்கென்றே மறுநாள் தனி எபிசோடும் போட்டார்கள். 2018-இல் ஏபிசி சேனல் அதை மீட்டெடுத்தபோது, நாடு முழுக்க ஒரே நேரத்தில் வாக்களித்து அதே இரவில் முடிவு சொல்லும் முறையைக் கொண்டுவந்தது.

2010-இல் நெதர்லாந்தில் பிறந்த தி வாய்ஸ் போட்டி, பாடுபவருக்கு முதுகைக் காட்டி நடுவர்களை உட்காரவைத்து, குரல் பிடித்தால் மட்டும் திரும்பச் சொன்னதும் பார்ப்பவருக்குக் கணிக்கும் வேலையைக் கொடுத்ததால்தான் எடுபட்டது. அந்தச் சுழல் நாற்காலிச் சுற்றில் வீட்டில் இருப்பவர் நடுவருக்கு முன்பே முடிவெடுக்கலாம்: "திரும்பு, திரும்பு!" ஒன்றரை நிமிடம் முழுக்கப் பதற்றம். அந்தச் சுற்று முடிந்ததும் நாற்காலிக்கு வேலை போய்விடுகிறது, நிகழ்ச்சி மற்றப் போட்டிகளைப் போலாகிவிடுகிறது.

வைல்டு கார்டு பற்றியும் சொல்ல வேண்டும். வெளியேறியவரை ஒருமுறை திரும்ப அழைத்தால் மகிழ்ச்சி. இரண்டாவது, மூன்றாவது முறை அழைத்தால், வாக்களித்தவர் தன் வாக்குக்கு மதிப்பில்லை என்று முடிவுகட்டிவிடுவார். பிறகு எலிமினேஷன் என்ற சொல்லுக்கே பதைப்பு இருக்காது.

இதெல்லாம் சேனல்களுக்குத் தெரியாதா? டிஆர்பி கணக்கில் எந்த நிமிடத்தில் பார்வையாளர் குறைந்தார் என்பது தெரியும். ஏன் போனார் என்று அந்தக் கணக்கு சொல்லாது. பாட்டின்போது ஆள் குறைந்தால், பாட்டைச் சுருக்கி ஒரு கண்ணீர்க் காட்சியைச் சேர்க்கிறார்கள். கண்ணீர் முதல் இரண்டு வாரம் நிறுத்திவைக்கும். அதன்பிறகு அதுவும் பழகிவிடும். பாட்டில் உயிரை விட்டுவைத்திருந்தால் அந்த நிமிடமே குறைந்திருக்காது.

பார்ப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. ஹெட்ஃபோனில் ஒரு சரணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வரிகளுக்கு நடுவே மூச்சு எடுக்கும் சத்தம் வருகிறதா? இவ்வளவு நீளமான வரியைப் பாடியும் மூச்சே கேட்கவில்லை என்றால் அதைத் துடைத்திருக்கலாம். சுரத்திலிருந்து சுரத்துக்குக் குரல் வழுக்கிப் போகிறதா, படி ஏறுவதுபோல் டக் டக்கென்று தாவுகிறதா? ழகரமும் சகரமும் துல்லியமாக வருகின்றனவா? பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள்: நடுவரின் முகத்தைக் காட்டும் ஷாட் பாட்டின் தாளத்தோடு சேர்ந்து அசைகிறதா, வேறெங்கிருந்தோ ஒட்டியதா? இரண்டு மூன்று வாரம் இப்படிக் கேட்டால் யார் உண்மையிலேயே நின்று பாடுகிறார் என்பது பிடிபட்டுவிடும்.

பாட்டுக் கற்கும் குழந்தைகளின் பெற்றோருக்கு இது இன்னும் முக்கியம். "டிவியில அந்தப் பாப்பா எப்படிப் பாடுது பார்" என்று சொல்லும்போது, திருத்திய குரலோடு திருத்தாத குரலை ஒப்பிடுகிறோம். எந்தக் குழந்தையாலும் அந்த அளவைத் தொட முடியாது. குழந்தை தன் தொண்டையில்தான் குறை என்று நம்பிவிடும். நிகழ்ச்சியில் கலந்துகொள்ளும் பிள்ளைகளுக்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது: 14 வயதுக்குட்பட்டவர்களை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலும் ஈடுபடுத்தக் கூடாது, வருமானம் வந்தால் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பில் போட வேண்டும். படப்பிடிப்பு நள்ளிரவுக்கு நீண்டால் கேள்வி கேளுங்கள். 12, 13 வயதில் குரல் உடையத் தொடங்கும் பையன்களை மேல் ஸ்தாயிப் பாட்டுக்குக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

குழந்தையின் முன்னேற்றம் தெரிய வேண்டுமானால் செல்போனில் தம்பூரா ஆப்பை வைத்து, அதன் கட்டையிலேயே ஒரே மூச்சில், வெட்டாமல் ஒரு பாட்டைப் பதிந்து வையுங்கள். அடுத்த மாதம் அதே பாட்டை அதே கட்டையில் மறுபடி பதிந்து, குழந்தையையே இரண்டையும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.