‘ஸா அத்வாகு’: துணிவுப் பதக்கம்

ரஷ்ய மொழியில் இதன் முழுப்பெயர் ‘மிதால் ஸா அத்வாகு’, அதாவது துணிவுக்கான பதக்கம். 1938 அக்டோபர் 17 அன்று சோவியத் ஒன்றியம் இதை நிறுவியது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் ஒருவர் தாமே முன்வந்து காட்டிய துணிச்சலுக்கு மட்டும்தான் இதைக் கொடுத்தார்கள். இத்தனை ஆண்டு பணி, இன்ன பதவி என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது. இதைவிட உயர்ந்த விருதுகள் பல இருந்தும், போர்முனையில் நின்றவர்கள் இதற்குத் தனி மதிப்பு வைத்திருந்தது அதனால்தான்.

பார்க்க எளிமையானது. 37 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளி வட்டம். மேலே மூன்று விமானங்கள், அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ‘ஸா அத்வாகு’, அப்புறம் ஒரு டாங்கி, அடியில் நாட்டின் பெயர்ச் சுருக்கம். தலைவர் எவருடைய முகமும் இல்லை. 1943 முதல் ஓரங்களில் நீலக்கோடு ஓடும் சாம்பல் நிற ரிப்பனில் தொங்கியது.

‘அத்வாகா’ என்ற சொல் போலிஷ் மொழி வழியாக ரஷ்யனுக்கு வந்தது. அதற்குள் இருக்கும் ‘வாகா’ தராசையும் எடையையும் குறிக்கும் ஜெர்மானிய வேர். விளைவு என்ன ஆகும் என்று தெரிந்தே தன்னைத் தராசுத் தட்டில் வைப்பவனின் குணம் அது. தமிழில் இதற்கு வீரம், மறம், தறுகண் என்று சொற்கள் பல உண்டு. ஆனால் ‘துணிவு’தான் சரியாகப் பொருந்துகிறது. துணிதல் என்றால் வெட்டுப்படுதல். தயக்கத்தை வெட்டிவிட்டு முடிவெடுத்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. “எண்ணித் துணிக கருமம்” என்று வள்ளுவர் சொல்லும்போது எண்ணுதல் முதலில் வருகிறது, துணிதல் அடுத்து. ரஷ்யச் சொல்லின் தராசும் இதையேதான் சொல்கிறது.

‘மெடல்’ இத்தாலிய ‘மெதாலியா’விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, உலோகத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். தமிழில் பதக்கம் என்பது முதலில் மணி பதித்த மார்பணி. வடமொழி ‘பதக’த்திலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து, ‘பதி’ என்ற தமிழ் வேரோடு இணைப்பது இன்னொன்று. எப்படியானாலும் மார்பில் தொங்குவது என்ற பொருள் அப்படியே நிற்கிறது. மெடலுக்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை.

தமிழில் பெயர்க்கும்போது குழப்பம் வருவது வேறு இடத்தில்தான். சோவியத் முறையில் மூன்று படிகள் இருந்தன: ‘சோவியத் ஒன்றிய வீரர்’ என்பது பட்டம், செங்கொடி, செந்நட்சத்திரம் போன்றவை ‘ஓர்தென்’, அதற்குக் கீழே பதக்கம். மூன்றையும் ‘வீர விருது’ என்று எழுதிவிட்டால் எதைப் பெற்றார் என்பதே தெரியாமல் போய்விடும். ஆங்கிலத்தில் ‘ஆர்டர்’ எனப்படும் ஓர்தெனை ‘ஆணை’ என்று பெயர்ப்பது சுத்தத் தவறு. அந்தச் சொல்லின் பின்னணியில் இருப்பவை ஐரோப்பாவின் பழைய வீரர் சங்கங்கள். உத்தரவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கு ‘விருது’ என்ற சொல்லை ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து.

இரண்டாம் உலகப் போரில் குறிபார்த்துச் சுடுவதில் பெயர்பெற்ற சோவியத் வீரர் வசீலி ஸாய்த்செவை எடுத்துக்கொள்வோம். பசிபிக் கடற்படையிலிருந்து ஸ்டாலின்கிராடுக்கு வந்தவர். சாதாரணத் துப்பாக்கியால் வெகுதூரத்தில் இருந்த ஜெர்மானியர்களைச் சுட்டு வீழ்த்தினார் என்றும், துணிவுப் பதக்கத்தோடு தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியும் அவர் கைக்கு வந்தது என்றும் சொல்வார்கள். அது 1942 அக்டோபர். நவம்பர் 10 முதல் டிசம்பர் 17 வரை அவர் சுட்டு வீழ்த்திய கணக்கில் 225 பேர். அடுத்த ஜனவரியில் குண்டு வெடித்துக் கண்ணில் காயம். 1943 பிப்ரவரி 22 அன்று ‘சோவியத் ஒன்றிய வீரர்’ பட்டம். பதக்கம் ஒரு படி, பட்டம் வேறொரு படி.

போர்க்காலத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட துணிவுப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. 1942 நவம்பரில் இதை வழங்கும் அதிகாரம் ரெஜிமென்ட் தளபதிகளுக்கே கிடைத்ததும் இதற்கு ஒரு காரணம். ஒரே ஆள் இரண்டு, மூன்று முறை பெற்றதும் உண்டு. ஆறு முறை பெற்றவர் செம்யோன் கிரெத்சோவ். அவர் குறிபார்த்துச் சுடுபவர் அல்ல, மருத்துவ உதவியாளர். குண்டுமழைக்கு நடுவே காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் அவர் வேலை. ‘மறம்’ என்று பெயர்த்தால் ஸாய்த்செவுக்குப் பொருந்தும், கிரெத்சோவுக்குப் பொருந்தாது. ‘துணிவு’ இருவருக்கும் பொருந்தும்.