ஸ்பேனர் விளக்குக்கு ஆயிலைத் தெரியாது

ஆயில் மாற்றியாகிவிட்டது. ஃபில்டரும் புதிது. தெருமுனை மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே "எடுத்துட்டுப் போங்க சார்" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில், சர்வீஸ் செய்யச் சொல்லும் அதே மஞ்சள் ஸ்பேனர் விளக்கு எரிகிறது. என் மாமாவுக்கு இப்படித்தான் நடந்தது. வேலையில் ஏதோ குறை என்று பயந்துபோய் ஒரு சர்வீஸ் சென்டருக்குக் காரை விட்டார். அங்கே பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் விளக்கை அணைத்தார். பில்லில் அதற்கென்று தனியாக ஒரு வரி. அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது என்று மாமா கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பெரும்பாலான கார்களில் சர்வீஸ் விளக்குக்கும் ஆயிலுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. ஆயில் கறுத்துவிட்டதா, நீர்த்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கும் கருவி எதுவும் எஞ்சினுக்குள் இல்லை. ஆயிலின் மின்தன்மையை அளந்து தரத்தைக் கணிக்கும் சென்சாரை மெர்சிடிஸ் போன்ற சிலர் 1990களின் பிற்பகுதியில் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் அது அபூர்வம். மற்ற கார்களில் இருப்பது வெறும் கணக்குதான். அமெரிக்காவில் விற்கும் டொயோட்டா கார்கள் பலவற்றில் அது மிக எளிய கணக்கு. கடைசியாக ரீசெட் செய்த நாளிலிருந்து 5,000 மைல், அதாவது சுமார் 8,000 கிலோமீட்டர் ஓடினால் விளக்கு எரியும். ஆயில் நேற்று மாற்றியதா, மூன்று வருடம் முந்தியதா என்பது அதற்குத் தெரியாது.

இந்த எண்ணிக்கை, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகச் சில்லில் பதிந்திருக்கும். அதனால் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு போய்விடும் என்று சிலர் சொல்வது இன்றைய கார்களில் பலிக்காது. 1980களின் பிஎம்டபிள்யூ கார்களில் இந்த நினைவைக் காப்பாற்ற மீட்டர் பலகைக்குப் பின்னால் குட்டி பேட்டரிகளையே பொருத்தியிருந்தார்கள். வருடங்கள் போய் அவை செத்தபோது, ஆயில் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் சர்வீஸ் விளக்குகள் தம் போக்கில் எரிந்தன.

சரி, கிலோமீட்டரை மட்டும் எண்ணினால் போதுமா? இந்தக் கேள்வியைத்தான் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தின் வேதியியலாளர் ஷர்லி ஷ்வார்ட்ஸ் எடுத்துக்கொண்டார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஆயில் இரண்டு வழிகளில் கெடுகிறது. ஒன்று சூடு. பாரம் ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது ஆயில் அளவுக்குமீறிச் சூடாகி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தடித்துப்போகிறது. இதை எல்லோரும் எதிர்பார்ப்போம். இரண்டாவது வழி அப்படியே எதிர்த்திசை, அதாவது சூடு போதாமை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. அதில் பெரும்பகுதி நீராவியாகிப் புகைக்குழாய் வழியே போய்விடும்; கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும், கூடவே எரியாத பெட்ரோலும். நீண்ட தூரம் ஓட்டினால் ஆயில் நன்றாகச் சூடேறி இவை ஆவியாகிவிடும். பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட இரண்டு கிலோமீட்டர் போய் வருகிற காரில் ஆயில் சூடாவதற்குள் எஞ்சினை நிறுத்திவிடுவோம். தண்ணீர் உள்ளேயே தங்கும். குளிர்நாடுகளில் இப்படி ஓடும் காரின் ஆயில் மூடியைத் திருகி எடுத்துப் பார்த்தால், அடிப்பக்கத்தில் மோர்க்குழம்பு நிறத்தில் ஒரு பசை அப்பியிருக்கும்.

ஆக, ஓடோமீட்டரில் ஒரே எண் காட்டும் இரண்டு கார்களில் ஒன்றின் ஆயில் நன்றாகவும் இன்னொன்றின் ஆயில் மோசமாகவும் இருக்கலாம். ஷ்வார்ட்ஸும் அவருடன் பணியாற்றிய டொனால்ட் ஸ்மோலென்ஸ்கியும் 1987இல் வெளியிட்ட வழி இதுதான்: கிலோமீட்டரை விட்டுவிட்டு, எஞ்சின் சுற்றும் ஒவ்வொரு சுற்றையும் எண்ணுவது. அந்த நேரத்து ஆயில் வெப்பநிலைக்கு ஏற்ப ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அபராதம் போடுவது. இதமான சூட்டில் சுற்றினால் அது ஒரு சுற்றாகவே கழியும். மிகவும் குளிரிலோ மிகையான சூட்டிலோ சுற்றினால் பல சுற்றுகளாகக் கழியும். புது ஆயிலுக்கென்று ஒதுக்கிய சுற்றுகளின் கையிருப்பு பூஜ்யத்தை நெருங்கும்போது விளக்கு எரியும். புதிதாக ஒரு சென்சார்கூடத் தேவைப்படவில்லை. எஞ்சின் கணினியிடம் ஏற்கெனவே இருந்த தகவல்களே போதும். ஹோண்டா கார்களில் ஆயில் ஆயுளை நூற்றிலிருந்து இறங்கும் சதவீதமாகக் காட்டுவதும் இப்படிப்பட்ட கணக்குதான். அதில் 15 சதவீதத்துக்கு வந்ததும் ஸ்பேனர் எட்டிப் பார்க்கும்.

எவ்வளவு புத்திசாலிக் கணக்காக இருந்தாலும், ஆயில் மாறியது கணினிக்குத் தானாகத் தெரியாது. யாராவது சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்குப் பெயர்தான் ரீசெட்.

டொயோட்டாவின் பல பழைய மாடல்களில் அதை இப்படிச் சொல்வார்கள். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி, ஓடோமீட்டர் பொத்தானை அழுத்தித் திரையில் 'ட்ரிப் ஏ' வரவழைக்க வேண்டும் (சில மாடல்களில் மொத்த தூரம் காட்ட வேண்டும்). சாவியை 'ஆஃப்' செய்துவிட்டு, அதே பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மீண்டும் 'ஆன்'. எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. விரலை எடுக்காமல் பத்து விநாடி போல இருந்தால், திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து வரிசையாகப் பூஜ்யங்கள் வரும். விளக்கு அணைந்துவிடும். மாமாவின் கார் வேறு கம்பெனி, ஆனால் சீட்டில் உட்கார்ந்தவர் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

மந்திரம் போலத் தோன்றும் இதற்குக் காரணம் எளிது. ரீசெட்டுக்கென்று தனிப் பொத்தான் வைத்தால் செலவு. குழந்தை தெரியாமல் அழுத்திவிடவும் கூடும். அதனால் இருக்கிற பொத்தானையே, வழக்கமாக யாரும் செய்யாத விதத்தில் பயன்படுத்துகிறார்கள். மின்சாரம் வந்து கணினி விழித்தெழும் நொடியில் அது முதலில் பொத்தான்களைப் பார்க்கிறது. ஒன்று ஏற்கெனவே அழுத்தப்பட்டிருந்தால், வேண்டுமென்றேதான் யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் பொத்தான்கூட இல்லை. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' செய்து, ஐந்து விநாடிக்குள் ஆக்சிலரேட்டரை மூன்று முறை முழுதாக மிதிக்க வேண்டும். மிதியின் நிலையை அறியும் சென்சாரே அங்கே பொத்தானாகிவிடுகிறது. உங்கள் காருக்கான முறை கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் டேஷ்போர்டைப் பற்றிய அத்தியாயத்தில்தான் தேட வேண்டும்.

சிலர் இதற்காக ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டும் மலிவான ஸ்கேனர் வாங்குகிறார்கள். வாங்கிவிட்டு ஏமாறுகிறார்கள். அந்த 16 பின் இணைப்பு, 1996 மாடல் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது புகைக் கட்டுப்பாட்டுக்காக. எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான மொழி அந்தப் புகை சார்ந்த தகவல்களுக்குத்தான். சர்வீஸ் ரீசெட் ஒவ்வொரு கம்பெனியின் சொந்த மொழியில் இருக்கும். அந்த மொழி தெரிந்த ஸ்கேனர்தான் வேலை செய்யும்.

அப்புறம், எந்த விளக்கு எரிகிறது என்பதைத் தயவுசெய்து உற்றுப் பாருங்கள். எஞ்சின் வடிவில் மஞ்சளாக எரிவது சர்வீஸ் விளக்கு இல்லை, உண்மையான பழுதைச் சொல்வது. சிவப்பு எண்ணெய்க் கிண்டி எரிந்தால் ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். பிரேக் பேட் தேய்ந்ததைச் சொல்லும் விளக்கு சில கார்களில் நிஜமாகவே பேடைப் பார்க்கிறது. பேடுக்குள் ஒரு மெல்லிய வயர் ஓடும். பேட் தேயத் தேய வயரும் தேய்ந்து அறும். பிஎம்டபிள்யூ போன்றவற்றில் புது வயர் போடாமல் எவ்வளவு ரீசெட் செய்தாலும் கணினி ஒப்புக்கொள்ளாது.

ஸ்பேனர் விளக்கு அப்படியில்லை. ஆயிலை மாற்றாமலே ரீசெட் செய்தாலும் நம்பிவிடும். அடுத்த கணக்கு முடியும்வரை வாய் திறக்காது. உள்ளே பழைய ஆயில் தார் போலாகிக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் ஆயில், பிறகு டிப்ஸ்டிக்கை உருவி அளவு பார்ப்பது, கடைசியில்தான் ரீசெட். மெக்கானிக் கொடுத்த பில்லில் தேதியோடு அன்றைய கிலோமீட்டரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாமா இப்போது அதை டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு சின்ன நோட்டிலும் குறித்து வைக்கிறார்.