வெயிலுக்காகப் பெர்ஷியனுக்கு மொட்டை அடிக்காதீர்கள்

கத்திரி வெயில் தொடங்கினால் போதும், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கமிருந்து மொட்டையடித்த பெர்ஷியன் பூனைகள் சிகிச்சைக்கு வர ஆரம்பித்துவிடுகின்றன. அக்குளில் கிளிப்பர் கிழித்த காயம், முதுகில் வட்ட வட்டமாகப் படர்தாமரை. கேட்டால் ஒரே பதில்: "பாவம் டாக்டர், வெயில் தாங்கல. அதான் முடியை எடுத்துட்டோம்."

நாம் மொட்டை போட்டால் தலை சில்லென்று இருப்பது வியர்வை காய்வதால். பூனைக்குப் பாதத்தைத் தவிர வேறெங்கும் சொல்லும்படி வியர்க்காது. முடியை எடுத்தாலும் காய்வதற்கு அங்கே வியர்வையே இல்லை. நக்கிய எச்சில் காயும்போதுதான் கொஞ்சம் சூடு இறங்கும். நம் கடலோரப் புழுக்கத்தில் அதுவும் சட்டென்று காயாது. பெர்ஷியனின் உண்மையான சிக்கல் சப்பை மூக்கு. குறுகிய மூக்குத் துளை வழியே சூட்டை வெளியேற்ற அது திணறுகிறது. மொட்டை அடித்தால் மூக்குத் துளை பெரிதாகுமா? சீராகச் சீவிய முடிக்குள் காற்று புகும், வெயிலும் தோலில் நேரே படாது. சிக்குப் பிடித்த முடிதான் கம்பளி மாதிரி மூடிக்கொள்ளும்.

ஆகவே சீப்பை எடுங்கள். அகலப் பல், நெருக்கப் பல் இரண்டும் உள்ள ஸ்டீல் சீப்பு. தினமும் பத்து நிமிடம். முதுகை மட்டும் சீவிவிட்டு எழுந்துவிடாதீர்கள். சிக்கு விழுவது காதுக்குப் பின்னால், அக்குளில், வயிற்றில், தொடை இடுக்கில். முடியைப் பகுதி பகுதியாக ஒதுக்கி வேர் தெரியச் சீவ வேண்டும். சிக்கு கண்டால் அதன் அடியை விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து பிரியுங்கள். கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம். பூனைத் தோல் மெல்லியது, சிக்கோடு சேர்ந்து மேலே எழும்பி வரும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள். தோலோடு ஒட்டிய சிக்கை மருத்துவரிடம் விடுங்கள், தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்து எடுப்பார்.

குளிப்பாட்டல் மாதம் ஒருமுறை போதும். சீவிய பிறகுதான் தண்ணீர். நனைந்த சிக்கு இறுகிவிடும். அடிமுடி வரை உலர்த்துங்கள், ஈரம் தங்கினால் தோல் கெடும். கிளிப்பர், சீப்பு எதையும் இன்னொரு பூனையோடு பகிராதீர்கள். படர்தாமரை அப்படித்தான் பரவுகிறது, வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒட்டும். கண்ணீர்க் கறையை ஆறிய வெந்நீரில் நனைத்த பஞ்சால் தினமும் துடைக்க வேண்டும்.

காசிமேட்டு மீன் மலிவு என்று மூன்று வேளையும் பச்சை மத்தியே வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வேக வைத்து, எப்போதாவது கொடுங்கள். அதையே முழு உணவாக்காதீர்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடென்றால் மதியம் பதினொன்று முதல் நான்கு வரை கீழ்த்தளத்திலோ, நிழலான தரையிலோ விடுங்கள். கரண்ட் போகும் நேரத்துக்கு ஈரத் துணி விரித்து வையுங்கள், தண்ணீர்க் கிண்ணம் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வேடிக்கை பார்க்காதீர்கள், தயவுசெய்து. ஐஸ் வேண்டாம், குழாய்த் தண்ணீரால் பாதத்தையும் வயிற்றையும் நனைத்து, ஃபேன் காற்றில் வைத்து, உடனே பக்கத்து மருத்துவரிடமோ வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கோ தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.