வாயசைவு அறியாத வசனம்

திரையில் ஓடும் சப்டைட்டில் பல நேரம் வீடியோவுக்குள் இருப்பதே இல்லை. பக்கத்திலேயே தனியாக ஒரு குட்டிக் கோப்பு. எஸ்ஆர்டி என்று முடியும் அதை நோட்பேடில் திறந்தால் இப்படி இருக்கும்:

12
00:01:14,500 --> 00:01:17,200
கதவைச் சாத்திட்டு வா.

வரிசை எண், தோன்றும் நேரம், மறையும் நேரம், வசனம், பிறகு ஒரு வெற்று வரி. காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது மில்லிசெகண்ட். பிளேயர் தன் கடிகாரத்தைப் பார்த்து, 1 நிமிடம் 14.5 நொடி ஆனதும் அந்த வரியைப் படத்தின் மேல் வரைகிறது, 2.7 நொடியில் அழித்துவிடுகிறது. யார் வாயைத் திறந்தார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் இதைச் சேர்ப்பது பெரிய வேலையில்லை. வீடியோவும் கோப்பும் ஒரே பெயரில், ஒரே ஃபோல்டரில் இருந்தால் தானே எடுத்துக்கொள்ளும். பெயர் வேறாக இருந்தால், ஓடும் படத்தின் மேல் கோப்பை இழுத்துப் போடலாம்.

தலைவலி நேரப் பொருத்தத்தில்தான். வசனம் பிந்தி வந்தால் ஜி விசை, முந்தி வந்தால் ஹெச் விசை. ஒவ்வொரு தட்டலுக்கும் 50 மில்லிசெகண்ட் நகரும். ஆனால் சரிசெய்த பத்தே நிமிடத்தில் மறுபடி விலகுகிறதா? படம் முடியும்வரை தட்டிக்கொண்டே இருந்த அனுபவம் எனக்கு உண்டு. அது தாமதமே அல்ல, வேக வித்தியாசம். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள்; ஐரோப்பிய டிவி முறையான ‘பால்’ (PAL) 25. 24-இல் 120 நிமிடம் ஓடும் படம் 25-இல் 115 நிமிடத்திலேயே முடிந்துவிடும். ஒன்றுக்கு எழுதிய சப்டைட்டிலை மற்றதில் போட்டால் கடைசிக் காட்சிக்குள் ஏறக்குறைய 5 நிமிடம் விலகியிருக்கும். முதல் வசனத்திலும் கடைசி வசனத்திலும் இடைவெளியைப் பாருங்கள். இரண்டும் ஒன்றானால் நகர்த்தினால் போதும். கூடிக்கொண்டே போனால் எல்லா நேரங்களையும் 0.96-ஆல் (24/25) மாற்ற வேண்டும்: 24-க்கு எழுதியதை 25-இல் போட்டால் பெருக்கல், 25-க்கு எழுதியதை 24-இல் போட்டால் வகுத்தல். விஎல்சியின் ஒத்திசைவுப் பலகத்தில் சப்டைட்டில் வேகத்தை மாற்றினாலும் சரியாகும்.

தமிழுக்கென்று இன்னொரு வம்பும் உண்டு. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்ற ஓரெழுத்துக்கு 3 பைட்: 224, 174, 133. பிளேயர் அதை மேற்கத்திய எழுத்துமுறை என்று எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படிக்கும். வட்டமிட்ட குறியும் மூன்று புள்ளியுமாகத் திரையில் கிறுக்கல் ஓடும். எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் தமிழ் திரும்பிவிடும். கிறுக்கலுக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், குறியீட்டில் கை வைக்க வேண்டாம். தமிழ் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.