அதிகாலை 4 மணிக்கு ரிப்போர்ட்டில் என்ன தேதி?

கோயம்பேட்டில் காய்கறி மொத்த வியாபாரிகளுக்கு மைக்ரோசாஃப்ட்டின் பவர் பிஐ மென்பொருளில் கணக்கு ரிப்போர்ட் அமைத்துக் கொடுக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பவர் பிஐ டெஸ்க்டாப்பில் 'இன்றைய விற்பனை' சரியாக வருகிறது சார். பப்ளிஷ் செய்த பிறகு, காலை 9 மணிக்கு முதலாளி போனில் திறந்தால் நேற்றைய தேதி இருக்கிறது. நான் ரெஃப்ரெஷ் கொடுத்தால் சரியாகிவிடுகிறது. மறுநாள் காலை மறுபடியும் அதே கதை. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மூலை சரியில்லை, வாஸ்து பார்க்கலாம் என்கிறார் முதலாளி."

மூலையில் கோளாறு இல்லை, தீர்க்கரேகையில்தான் இருக்கிறது. வாஸ்துக்காரருக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது, ஆகவே ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். இந்திய நேரம் கிழக்கு 82.5 டிகிரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 82.5ஐ நான்கால் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். இது பள்ளிப் பாடம்தான். பப்ளிஷ் செய்த ரிப்போர்ட் மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் ஓடுகிறது. அந்த சர்வர் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இயங்குகிறது. உங்கள் மடிக்கணினியில் ஓடும் டெஸ்க்டாப்போ இந்திய நேரத்தைப் பார்க்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் தென்னிந்திய டேட்டா சென்டர் இருப்பதே சென்னையில்தான். இருந்தாலும் உள்ளே கடிகாரம் யூடிசிதான். பல நாடுகளில் கோடையில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அப்புறம் பின்னே இழுக்கிறார்கள். அப்படி இழுக்கும் இரவில் ஒரே மணி இரண்டு முறை வந்துவிடும். அந்தத் தலைவலியே வேண்டாம் என்றுதான் சர்வர்களுக்கு யூடிசி. நமக்கு இந்த அவஸ்தை தெரியாது. ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியக் கடிகாரங்களும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டிருந்தன.

ஐந்தரை மணி நேர வித்தியாசம் எப்படி ஒரு முழு நாளாக வீங்குகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

பவர் பிஐ தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை, ஓர் எண்ணாக வைத்துக்கொள்கிறது. 1899 டிசம்பர் 30ஐப் பூஜ்யம் என்று கொண்டால் 2025 ஏப்ரல் 1 என்பது 45748. அன்று நண்பகல் 45748.5. முழு எண் நாள், புள்ளிக்குப் பின்னால் வருவது நேரம். எந்த ஊர் நண்பகல் என்று குறித்துவைக்க அந்த எண்ணில் இடமே கிடையாது. 'டுடே' என்ற ஃபங்ஷன் செய்வது ஒன்றுதான்: இப்போதைய எண்ணை எடுத்து, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிடும்.

ஏப்ரல் 1 அதிகாலை 4 மணி. நம் கணக்கில் 45748.1667. அதே கணத்தில் யூடிசியில் மார்ச் 31 இரவு 10.30, அதாவது 45747.9375. இரண்டுக்கும் வித்தியாசம் 0.2292தான், நாளில் கால் பங்குகூட இல்லை. வெட்டிப் பாருங்கள்: ஒன்று 45748, இன்னொன்று 45747. கால் பங்குக்கும் குறைவான விலகல் ஒரு முழு நாளாகிவிட்டது. அதிலும் ஏப்ரல் 1 என்பதால் போன நிதியாண்டுக்கே போய்விட்டது. காலை 5.30க்கு மேல் இரண்டு எண்களும் ஒரே முழு எண்ணில் வந்து நிற்கும், பிழை மறைந்துவிடும். பகலில் வேலை பார்க்கும் அலுவலகங்களில் இது பல மாதங்கள் கண்ணில் படாமல் இருப்பதற்கும், நள்ளிரவுக்கு மேல் லாரி வந்து இறங்கும் கோயம்பேட்டில் பளிச்சென்று தெரிவதற்கும் காரணம் இதுதான்.

அப்படியானால் முதலாளி 9 மணிக்குத் திறக்கும்போது சரியாகத்தானே இருக்க வேண்டும்? 'டுடே'யை மெஷர் என்னும் சூத்திரத்தில் எழுதியிருந்தால் அப்படித்தான் இருந்திருக்கும், ஏனென்றால் மெஷர் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிதாகக் கணக்கிடப்படும். வாசகர் அதை டேபிளில் சேர்த்த ஒரு நெடுவரிசையில் எழுதியிருக்க வேண்டும். அது ரெஃப்ரெஷ் ஆகும் கணத்தில் கணக்கிடப்பட்டு அப்படியே உறைந்துவிடும். தானாக ஓடும் ஷெட்யூல் ரெஃப்ரெஷ் அதிகாலை 4 மணிக்கு என்று வைத்திருந்தால், அந்தக் கணத்து யூடிசி தேதியோடு அன்று முழுக்க நிற்கும். ஷெட்யூலில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் பயனில்லை. எப்போது ஓட வேண்டும் என்பதைத்தான் அது முடிவு செய்யும், ஓடும்போது எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது என்பதை அல்ல. வாசகர் பதறிப்போய் 10 மணிக்குக் கையால் ரெஃப்ரெஷ் கொடுக்கிறார். அப்போது யூடிசியிலும் அதே தேதிதான், ஆகவே சரியாகிவிடுகிறது. சோதிக்கப் போனால் ஓடி ஒளியும் இந்த மாதிரிப் பிழைகளிடம் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

திருத்துவதிலும் ஒரு பொறி இருக்கிறது. பலர் 'டுடே'யோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுகிறார்கள். நேரம் ஏற்கெனவே வெட்டப்பட்டுவிட்டது, அதனால் நேற்றைய தேதிக்கு காலை 5.30தான் கிடைக்கும். தேதியோடு நேரத்தையும் தரும் 'நவ்'வோடு கூட்டினால் சர்வரில் சரியாக வரும், டெஸ்க்டாப்பில் ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடும். யூடிசி நேரத்தையே தரும் 'யூடிசிநவ்' என்று ஒன்று இருக்கிறது. அது இரண்டு இடத்திலும் ஒரே விடை தரும். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி, கடைசியில் வெட்டுங்கள். தேதியைப் பவர் குவரியில் (தரவை உள்ளே கொண்டுவரும் பகுதி) எடுப்பவர்கள் அங்கேயே யூடிசி நேரத்தை எடுத்து, மண்டலத்தை 5, 30 என்று மாற்றிக்கொள்ளலாம். 'கடந்த 7 நாட்கள்' மாதிரியான ரிலேடிவ் டேட் ஸ்லைசர் (தேதி வடிகட்டி) எப்போதும் யூடிசியைத்தான் பார்க்கும். நம் பேச்சு அங்கே எடுபடாது. அதற்குப் பதில் நாமே 'இன்று', 'நேற்று' என்று ஒரு நெடுவரிசை போட்டுக்கொள்வது உத்தமம்.

ரெஃப்ரெஷ்ஷைக் காலை 6 மணிக்குத் தள்ளிவைத்தால் போதாதா? தலைப்பில் இருக்கும் தேதி சரியாகும். ஆனால் பில் போடும் மென்பொருள் யூடிசியில் பதிவு செய்கிறது என்றால், இரவு 2 மணி விற்பனை முந்தைய நாள் இரவு 8.30 என்று உட்கார்ந்திருக்கும். கோயம்பேட்டில் அது பாதி வியாபாரம்.

யூடிசியில் நாள் மாறுவது நமக்குக் காலை 5.30. சென்னையில் சூரிய உதயம் ஆண்டு முழுக்கச் சுமார் 5.40க்கும் 6.35க்கும் இடையில்தான். பஞ்சாங்கத்திலும் கிழமை சூரிய உதயத்தில்தான் மாறும். 'நம் முன்னோர் அறிந்த கிளவுட் கம்ப்யூட்டிங்' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: லண்டனில் நள்ளிரவாக இருக்கும்போது உலகத்தில் எங்கோ விடியத்தான் வேண்டும், அது நம் பக்கமாக அமைந்துவிட்டது. அவ்வளவுதான்.

பெருமைப்பட வேண்டும் என்றால் அசல் சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வகம் கட்டினார்கள். அங்கே அளந்த தீர்க்கரேகை 80 டிகிரி 18 நிமிடம் 30 விநாடி (இவை கோணத்தின் நிமிடமும் விநாடியும்). நான்கால் பெருக்கிப் பாருங்கள், 5 மணி 21 நிமிடம் 14 விநாடி வரும். அதுதான் மெட்ராஸ் நேரம். 1906 ஜனவரி 1இல் ஐந்தரை மணி நேரம் வரும் வரை இந்திய ரயில்கள் பெரும்பாலும் அந்தக் கடிகாரப்படிதான் ஓடின. பம்பாய்க்காரர்கள் வீட்டில் ஒரு நேரம், ஸ்டேஷனில் ஒரு நேரம் என்று அல்லாடினார்கள். இன்று சர்வர் நம்மைப் படுத்தும் பாட்டை அன்று மெட்ராஸ் அவர்களைப் படுத்தியது. வானாய்வகக் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டுகளோடு, வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. அதைச் சுற்றி ஒரு சின்ன அறிவியல் காட்சியகம் அமைக்க ஆகும் செலவு, ஒரு மேம்பாலத் திறப்பு விழாவின் பேனர் செலவைத் தாண்டாது என்பது என் எண்ணம்.

எல்லாத் தேதிப் பிழைக்கும் யூடிசியே காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 30-12-1899 என்று வந்தால் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் இருக்கிறது. 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று வந்தால் யூனிக்ஸ் கணினிகள் நேரத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்யத்தை, அதாவது யூடிசியில் அன்றைய நள்ளிரவை, இந்திய நேரத்தில் படித்திருக்கிறது. மாதத்தின் முதல் 12 நாட்களில் மட்டும் தேதி குழம்பி, 13இலிருந்து எர்ரர் வந்தால், 03/04ஐ அமெரிக்க முறையில் மார்ச் 4 என்று படிக்கிறது. தேதியை எந்த நாட்டு முறையில் படிப்பது என்று சொல்லும் லோக்கேலை இந்தியாவுக்கு மாற்றுங்கள். ஆண்டில் 132 தேதிகளை இப்படி மாற்றிப் படித்தாலும் எந்த எச்சரிக்கையும் வராது. 5/5, 8/8 மாதிரியான 12 நாட்கள் மட்டும் எப்படிப் படித்தாலும் தப்பாகாது.

கோயம்பேடு வாசகருக்கு: சூத்திரத்தை மாற்றிய பிறகு பகலில் சோதித்தால் எதுவும் தெரியாது. ஷெட்யூல் 4 மணியிலேயே இருக்கட்டும். கடைசி ரெஃப்ரெஷ் நேரத்தை யூடிசியிலும் இந்திய நேரத்திலும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கார்டாக (ஒரே மதிப்பைக் காட்டும் கட்டம்) போட்டு, ஒரு வாரம் முதலாளி கண்ணில் படும்படி விட்டுவையுங்கள்.