அரை ஆழாக்கு அரிசி, அரைக் கிலோ கோழி

சென்னையில் தனி அறை எடுத்துத் தங்கி, தானே சமைக்கத் தொடங்கும் பலருக்கு முதல் வாரத்திலேயே சோறு அடிப்பிடிக்கிறது. ஊரில் அம்மா நான்கு பேருக்கு வைக்கும் அளவைக் கேட்டு, அதை நாலால் வகுத்துத்தான் போட்டிருப்பார்கள். வகுத்ததில் பிழை இருக்காது. ஆவியாகும் தண்ணீர் மட்டும் அந்த வகுத்தலுக்குக் கட்டுப்படாது.

திறந்த பாத்திரத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறது என்பது தீயின் அளவையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது. உள்ளே எவ்வளவு அரிசி கிடக்கிறது என்பதற்கு அதில் அதிகப் பங்கில்லை. நிமிடத்துக்கு 10 மில்லி வீதம் 15 நிமிடம் கொதித்தால் 150 மில்லி போய்விடும். நான்கு பேருக்கான இரண்டு ஆழாக்கு அரிசிக்கு, ஒன்றுக்கு இரண்டரை கணக்கில் வைக்கும் தண்ணீர் ஏறக்குறைய 840 மில்லி. அதில் 150 மில்லி குறைவது ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. அரை ஆழாக்குக்கு வைப்பது 210 மில்லி. அதிலும் அதே 150 மில்லி போனால், 70 கிராம் அரிசிக்கு எஞ்சுவது 60 மில்லி. மேலே நறுக்கரிசி, அடியில் காந்தல்.

இதற்குத் தீர்வு குக்கருக்குள் பாத்திரம் வைப்பது. குக்கரின் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர், அதன் மேல் அரிசியும் அளந்த தண்ணீரும் உள்ள சிறு பாத்திரம், அதற்கு ஒரு மூடி. விசிலில் வெளியேறுவது பெரும்பாலும் அடித் தண்ணீர்தான். உள்ளே ஊற்றியது அரிசிக்கே போய்ச் சேர்கிறது. அதனால் ஒரு ஆளுக்கானாலும் ஐந்து ஆளுக்கானாலும் விகிதம் மாறாது: பச்சரிசிக்கு இரண்டே கால் பங்கு, புழுங்கல் அரிசிக்கு இரண்டே முக்கால் முதல் மூன்று பங்கு.

பருப்பில் வேறொரு சிக்கல். சிறிய குக்கரில் 50 கிராம் துவரம் பருப்பு போட்டால் சீக்கிரமே கொதி வந்து, விசில்களும் அடுத்தடுத்து அடித்துவிடும். நான்கு பேருக்கான குக்கரில் மூன்று விசில் வருவதற்குள் பருப்பு சூட்டில் கிடந்த நேரம் வேறு, இங்கே கிடந்த நேரம் வேறு. விசிலை எண்ணாமல் நிமிடத்தைப் பாருங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 10 நிமிடம் வையுங்கள். குக்கருக்குள் அப்போது ஏறக்குறைய 120 டிகிரி இருக்கும்.

அப்படியும் பருப்பு மசியவில்லை என்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். சென்னையின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீர் கடினத்தன்மை மிக்கது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல் சுவர்களிலுள்ள பெக்டினை இழுத்துப் பிணைத்து, கரையவிடாமல் செய்கின்றன. பருப்பை ஊறவைப்பதையும் வேகவைப்பதையும் கேன் தண்ணீரிலேயே செய்தால் வித்தியாசம் உடனே தெரியும். புளியும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகுதான் சேர வேண்டும். புளிப்பிலும் பெக்டின் எளிதில் கரைவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சிறிய அளவால் வரும் தொல்லைகள். அதே சிறிய அளவு கைகொடுக்கும் இடம், கோழியைக் கிரில் செய்வது.

நான்கு பேருக்கான துண்டுகளை ஒரே தோசைக்கல்லில் நெருக்கி அடுக்கினால் கல்லின் சூடு சட்டென இறங்கும், கறி விடும் நீர் தேங்கும், கோழி தன் நீரிலேயே அவியும். ஒரு ஆளுக்கு இரண்டு துண்டுதான். கல் சூட்டை இழக்காது, வரும் நீர் வந்த வேகத்தில் ஆவியாகும், கறி சிவக்கும். ஓவன் இல்லாத வாடகை அறையிலும் நல்ல கிரில் சிக்கன் சாத்தியம் என்பதற்கு இதுவே காரணம்.

கடையிலிருந்தே தொடங்குவோம். உரித்த கோழி ஒரு கிலோ சொச்சம் இருந்தால் அதில் பாதி, அதாவது ஒரு முழு லெக் பீஸ், பாதி நெஞ்சு, ஒரு இறக்கை சேர்ந்தது, ஒரு ஆளின் பாதி வாரத்துக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணெதிரே அறுத்த கோழியை அடுத்த ஒரு மணி நேரத்தில் அடுப்பில் ஏற்றுவதுதான் நம் வழக்கம். குழம்பில் நெடுநேரம் கொதிப்பதால் அதன் குறை தெரிவதில்லை, கிரில்லில் தெரிந்துவிடும். உயிர் போன பிறகு தசையில் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு தீர்ந்துபோகிறது. அது இல்லாமல் மயோசின், ஆக்டின் என்ற இரு புரத இழைகளும் பற்றிய பிடியை விட முடியாமல் இறுகி நிற்கின்றன. கோழியில் இந்த விறைப்பு தளர ஏறக்குறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். அதற்கு முன்பே எலும்பிலிருந்து அறுத்தெடுத்த சதை, இழுத்துப் பிடிக்க ஏதுமின்றி இன்னும் சுருங்கி ரப்பர்போல் ஆகிவிடும். ஆகவே ‘கறியைச் சின்னதாகப் போடுங்கள், போன்லெஸ் ஆக்கித் தாருங்கள்’ என்று கேட்காமல், எலும்போடு பெரிய துண்டாக வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் வாங்கியதை இரவில் சமைக்கலாம். வெட்டுவதையும் இரவிலேயே வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

குழாயடியில் பிடித்துக் கழுவுவதால் கிருமி போவதில்லை. சால்மோனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் தண்ணீர்த் துளிகளோடு சிங்க் முழுக்கவும், பக்கத்தில் கவிழ்த்து வைத்த டம்ளர்மேலும் தெறிக்கும். அவற்றைக் கொல்வது அடுப்புச் சூடுதான். கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்றால், ஒரு பாத்திரத் தண்ணீரில் மெதுவாக அலசி எடுத்து, சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

நெஞ்சுக் கறியை எலும்பிலிருந்து பிரித்து, கத்தியைப் படுக்கை வாட்டில் ஓட்டி, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில் இரண்டு பலகையாக்குங்கள். சூடு ஒரு துண்டின் நடுவை அடைய ஆகும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. தடிமன் பாதியானால் நேரம் ஏறக்குறைய கால்வாசி ஆகிவிடும். மூன்று சென்டிமீட்டர் உருண்டைச் சதையில் நடு வேகும் முன் வெளிப்பக்கம் வறண்டு நார்நாராகிவிடும். மெல்லிய பலகையில் இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

அடுத்தது உப்பு. மசாலாவோடு சேர்த்துப் போடாமல், தனியாக முதலில் போடுங்கள். கறியின் எடையில் 1.2 சதவீதம், அதாவது அரைக் கிலோவுக்கு 6 கிராம். தூள் உப்பென்றால் தலை தட்டிய ஒரு டீஸ்பூன். மசாலாவில் சேரும் பொருள்களில் சதைக்குள் ஆழமாகப் போவது உப்பு மட்டுமே. மிளகாயும் மஞ்சளும் மல்லியும் எத்தனை மணி நேரம் ஊறினாலும் மேலே சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். உள்ளே போகும் உப்பு தசைப் புரதங்களின் கட்டைத் தளர்த்துகிறது. தளர்ந்த புரதம் சூட்டில் சுருங்கும்போது அவ்வளவாக நீரைப் பிழிந்து வெளியேற்றாது. இதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும்.

பிறகு மசாலா. அரைக் கிலோவுக்கு: துணியில் கட்டி நீர் வடித்த தயிர் நான்கு டேபிள்ஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது ஒரு டேபிள்ஸ்பூன், காஷ்மீரி மிளகாய்த் தூள் இரண்டு டீஸ்பூன், மல்லித் தூளும் பொடித்த மிளகும் ஒவ்வொரு டீஸ்பூன், மஞ்சள் தூள் கால் டீஸ்பூன், கடலை எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். எண்ணெயை விட்டுவிடக் கூடாது. மிளகாயின் நிறமும் காரமும் மஞ்சளின் நிறமும் எண்ணெயில்தான் கரையும். தயிரின் லாக்டிக் அமிலம் மென்மையானது, இரவு முழுக்க ஊறினாலும் பெரிய கேடில்லை. எலுமிச்சைச் சாறு அப்படியில்லை. இரண்டு மூன்று மணி நேரத்திலேயே மேற்புறப் புரதத்தை வெளுக்கவைத்து இறுக்கிவிடும். அதைத் தட்டில் வைத்த பிறகு பிழியுங்கள். பச்சைப் பப்பாளி விழுது இரண்டு பலகைக்கு அரை டீஸ்பூனுக்கு மேல் போனால், அதிலுள்ள பப்பாயின் என்சைம் மேற்புறத்தை மாவாக்கிவிடும். இளம் கோழிக்கு அது தேவையே இல்லை.

இனி அடுப்பு. கனமான இரும்புத் தோசைக்கல்லை நடுத்தரத் தீயில் ஐந்தாறு நிமிடம் காயவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சொட்டு பரவி ‘சொய்’யென்று அடங்கினால் இன்னும் காய வேண்டும். முத்துப்போல் திரண்டு கல்மேல் உருண்டு ஓடினால் கல் 200 டிகிரியைத் தொட்டிருக்கும். சொட்டுக்கு அடியில் உண்டாகும் நீராவிப் படலம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. யோஹான் காட்லோப் லைடன்ஃப்ரோஸ்ட் 1756இல் எழுதிவைத்த விளைவு இது. அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

கறி சிவந்து மணப்பதற்குக் காரணம் மெய்லார்ட் வினை. 1912இல் பிரெஞ்சு வேதியியலர் லூயி கமில் மெய்லார்ட் விவரித்தது. அமினோ அமிலங்களும் சில சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. சமையலறையில் இது வேகம் பிடிப்பது ஏறக்குறைய 140 டிகிரியில். மேற்புறம் ஈரமாக இருக்கும்வரை அங்கே 100 டிகிரிக்கு மேல் ஏறாது, நீர் வற்றிய பிறகுதான் சிவப்பே தொடங்கும். தயிரை வடிக்கச் சொன்னது இதற்காகத்தான். கல்லில் போடும் முன் கூடுதல் மசாலாவை விரலால் வழித்துவிடுங்கள். தடித்து ஒட்டிய தயிர் முதலில் ஈரமாக இருந்து சிவக்கவிடாது, வற்றியதும் சட்டென்று கருகிவிடும்.

கறிமேல் எண்ணெய் தடவிப் போட்டு, மூன்றரை நிமிடம் தொடாதீர்கள். முதலில் கல்லோடு ஒட்டும், சிவந்ததும் தானே விடும். திருப்பிப் போட்டு மூன்று நிமிடம். நடுப்பகுதியில் உணவு வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் 71, 72 டிகிரியில் எடுத்துவிடலாம். ஐந்து நிமிடம் மூடி வைத்தால் வெளிப்புறச் சூடு உள்ளே இறங்கி 74ஐ எட்டும். அந்தச் சூட்டில் சால்மோனெல்லா உடனே மடியும். எட்டவில்லை என்றால் மறுபடி ஒரு நிமிடம் கல்லில் போடுங்கள். 80ஐத் தாண்டிய நெஞ்சுக் கறியை எந்த மசாலாவும் காப்பாற்றாது, புரத இழைகள் நீரைப் பிழிந்து தள்ளியிருக்கும். வெந்ததா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இளம் கோழியில் எலும்பு மஜ்ஜையின் நிறமி கசிந்து, நன்றாக வெந்த கறியும் எலும்போரம் சிவப்பாகத் தெரியும்.

லெக் பீஸின் கதை நேர்மாறு. அதில் இணைப்புத் திசு அதிகம். அதிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் 70 டிகிரிக்கு மேல் நேரம் எடுத்துத்தான் ஜெலட்டினாகக் கரையும். ஆகவே 80 முதல் 85 டிகிரிவரை கொண்டுபோங்கள். எலும்புவரை மூன்று கீறல் போட்டு, இரண்டு பக்கமும் மூன்று நிமிடம் சிவக்கவிட்டு, தீயைக் குறைத்து, இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு 20 நிமிடம். பிறகு மூடியை எடுத்து ஈரம் வற்றும்வரை தீயைக் கூட்டுங்கள். ஓடிஜி என்னும் சிறு மின் ஓவன் இருந்தால் 220 டிகிரியில் கம்பித் தட்டின் மேல் 30 முதல் 35 நிமிடம், இடையில் ஒருமுறை திருப்ப வேண்டும்.

புகை மணம் வேண்டுவோருக்குக் கொட்டாங்குச்சிக் கரி போதும். செந்தணலான ஒரு துண்டைச் சிறு கிண்ணத்தில் வைத்துக் கறிப் பாத்திரத்துக்குள் இறக்கி, தணல்மேல் அரை டீஸ்பூன் நெய் விட்டு, நான்கு நிமிடம் மூடுங்கள். கரி அடுப்பில் சுடும் கறிக்கு வரும் மணத்திலும் பெரும் பங்கு, கொழுப்பு சொட்டித் தணலில் கருகும் புகைக்கே உண்டு. ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: தயிரின் புளிப்பு தோசைக்கல்லில் பழகிய எண்ணெய்ப் படலத்தை அரிக்கும், மறுநாள் தோசை ஒட்டும். கோழிக்கென்று தனிக் கல் வைத்துக்கொள்வது நல்லது.

அன்றே சமைக்காத லெக் பீஸை மசாலாவோடு பையில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். தட்டையாக இருந்தால் வேகமாக உறையும், பனிப் படிகங்கள் சிறிதாக இருக்கும், உருகும்போது சாறு குறைவாக வடியும். அதை முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். சமையல் மேடையில் வைத்து உருகவிடச் சென்னை ஏற்ற ஊர் இல்லை. 32 டிகிரிக்கு மேலான அறையில் பச்சைக் கறியோ சமைத்த உணவோ ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. சோற்றுக்கும் இது பொருந்தும். அரிசியிலுள்ள பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் விதைமூலங்கள் கொதிநீரிலும் பிழைத்து, வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சு சுரக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மீந்த சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு ஆளுக்கான அளவு சில நிமிடங்களில் ஆறிவிடும்.

சமைத்த கோழி ஃபிரிட்ஜில் 3, 4 நாள் தாங்கும். ஆனால் இரண்டாம் நாளே அட்டைப்பெட்டி வாடைபோல் ஒன்று எட்டிப்பார்க்கும். கோழிக் கறியின் கொழுப்பை, வெந்த தசையிலிருந்து விடுபட்ட இரும்பு தூண்டிவிட, ஆக்சிஜன் கெடுப்பதால் வரும் வாடை அது. மறுபடி சூடாக்கினால் இன்னும் தூக்கலாகத் தெரியும். மிளகு, கிராம்பு போன்றவை அந்த வினையைத் தடுப்பவை. முதல் நாளே மசாலாவில் மிளகு சேர்த்ததன் பயன் செவ்வாய்க்கிழமை தெரியும். அன்று கறியைத் தனியாகச் சுட வைக்காமல், ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் எட்டு சின்ன வெங்காயம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு டீஸ்பூன் இடித்த மிளகு வதக்கி, கோழியைப் பிய்த்துக் கடைசி இரண்டு நிமிடம் மட்டும் புரட்டி, ஆவி பறக்கும் சூடு ஏறியதும் இறக்குங்கள்.

நெஞ்செலும்பும் இறக்கையும் 400 மில்லி தண்ணீரோடு குக்கரில் அரை மணி நேரம் குறைந்த தீயில் இருந்தால் கொலாஜன் கரைந்த சாறு கிடைக்கும். ஃபிரிட்ஜில் அது ஜெல்லியாக இறுகினால் நன்றாக இறங்கியிருக்கிறது என்று பொருள். அதில் பாதி ஒரு வேளை மிளகு ரசத்துக்கு. மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால், அடுத்த வாரம் வேண்டும்போது இரண்டு கட்டி எடுத்துப் போடலாம்.